ஒரு குழந்தைக்கு நான்கு மஞ்சள் ஸ்வெட்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி படியேறிப் போகும். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பதும் ஒழுங்காக வராது. மறதி வேறு. அது எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. அன்றைக்கு யார் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள் என்று கேட்டால் சொல்வேன். அப்படிப்பட்ட ஞாபகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு திறந்துகொண்டிருந்த காலம். நான் ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகும் முன்பே போய்விட்டார். அவருக்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்து பிழைத்தேன். பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, அவர்கள் துணியையும் துவைத்துக் கொடுப்பேன். உல்லன் நூலில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் பின்னிக் கொடுப்பேன்.

இரண்டையும் நான் பிரேசர் டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது பார்த்துப் பழகினேன். அங்கே டியூட்டியில் நர்சம்மா ஒருவர் பின்னிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எனக்கு வெட்கம். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து கற்றால் வலது இடதாகும், இடது வலதாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பத்து வருஷம் பின்னிய பிறகும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் அப்போது ஒரு புது மரியாதை வந்திருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கடையில் வாங்கிய துணியைக் கொண்டுபோனால் கேவலம். தன் கையால் பின்னியதைக் கொண்டுபோனால்தான் பாசம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. ஆனால் தெருவில் பின்னத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தெருவின் பாசம் முழுவதும் என் அறையிலிருந்துதான் போனது. இருட்டும் நேரத்தில் வந்து சொல்வார்கள், விடியும் நேரத்தில் வந்து முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போவார்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதை என் நல்ல குணம் என்று எண்ணிக்கொண்டார்கள். எனக்கு வாயைத் திறக்கவே வெட்கம், அவ்வளவுதான்.

அதே வீட்டின் மாடிப் போர்ஷனில் ஒரு புருஷன் பெண்சாதி குடியிருந்தார்கள். இருவரும் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் ஈரோடு, அவள் மதுரைப் பக்கம். இவர்களாகவே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். அவன் ஒரே பிள்ளை என்பதால் அவனுடைய அம்மா இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் மாதம் முறுக்கு டின்னோடு வந்துவிட்டார். பெண்ணின் வீட்டார் மட்டும் வரவில்லை. கல்யாணத்தன்று ஃபோனை வைத்த அவள் அம்மா, அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அவளுக்குச் சித்திரை வெயிலில் ஆண் குழந்தை பிறந்தது.

பிறக்கும் முன்பு குழந்தைக்கென்று ஒரு நூல்கூட வாங்கக்கூடாது என்பது எங்களிடம் வழக்கம். பிறந்த பிறகும் பதினாறாம் நாள் தொட்டில் போடும் வரைக்கும் பழைய துணிதான். நாலு பிள்ளை வளர்த்த வீட்டுப் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன சேலை. அந்த விஷயத்தில் தெருவே வள்ளலாகிவிட்டது. எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா பீரோவின் அடித்தட்டு முழுவதையும் காலி செய்து கொடுத்தார். அதில் ஒரு ஜன்னல் திரையும் இருந்தது. நல்ல மனசோடு கொடுத்தேன், திருப்பித் தர வேண்டாம் என்றார்.

புதுத் துணி பதினாறாம் நாள்தான். அன்றைக்கு முதலில் தாய்வீட்டிலிருந்து வந்ததைத்தான் போட வேண்டும், அதுவும் பெண்ணின் அம்மா கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கே அது கவலைதான். ஏனென்றால் அன்றைக்கு அவருடைய நாத்தனார் ஈரோட்டிலிருந்து வரப் போகிறார். தன் மகளைக் குழந்தையின் அப்பாவுக்குத்தான் என்று முறை சொல்லி வைத்திருந்த அம்மா அவர். சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். மருமகளின் தாய்வீட்டிலிருந்து என்ன வந்தது என்று சபையில் கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் நான் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் அடுக்களையில் பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காதில் பஞ்சும் தலையில் ஸ்கார்ஃபுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஒரு செட் பின்னித் தர்றீங்களா? எங்கம்மா கூரியர்ல அனுப்பினதுன்னு சொல்லிக்கிறேன்."

நான் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அந்தம்மா வந்து, நாதியத்தவளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லும். இவன் பெரியவனானாலும் அதையே சொல்லும்."

இவன் என்றது என் காலில் கிடந்தவனை. அவன் எதுவும் தெரியாமல் கொட்டாவி விட்டான். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா பின்பக்கம் வந்தார். மாடிக் குழந்தைக்குத் தானும் ஒரு செட் போட வேண்டும், ஆனால் தனக்குக் கண் பார்வை மங்கல் என்றார். யாராவது கேட்டால் அவரே பின்னியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பேசாமலிருந்தால் போதும் என்று சலுகையும் கொடுத்தார். மறுநாள் எதிர்வீட்டு பேங்க் அம்மா. பேங்கில் வேலை பார்த்தது அவர் புருஷன்தான், ஆனால் தெருவில் எல்லோரும் இவரைத்தான் பேங்க் அம்மா என்போம். அவர் பாதி பின்னியதையே கையில் கொண்டுவந்தார். முக்கால்வாசி முடிந்துவிட்டது, கழுத்தையும் கையையும் மட்டும் முடித்துக் கொடு என்றார். விரித்துப் பார்த்தேன். வெங்காயம் போட்டு வைக்கும் பை மாதிரி இருந்தது. அவர் போனதும் முழுவதையும் பிரித்துவிட்டேன்.

அதற்கும் மறுநாள் வந்தவர்தான் நான் எதிர்பார்க்காதவர். கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு மாமியார் வந்தார். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை. என் பின்னல் ஊசியை எடுத்துப் பார்த்தார், வைத்தார்.

"ஏனுங்க, அப்பத்தா கையால ஒண்ணு போட்டாத்தானுங்க பையனுக்கு நல்லது. என்ர கைதான் இந்த வயசுல நடுங்குது. நாத்தனார் வந்தா நானே போட்டன்னு சொல்லிக்கறனுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. லேகியம் கிண்டும்போது அடுப்பே நடுங்கும். சரி என்றேன்.

ஆக நான்கு செட். ஒன்பது நாள். சிவாஜிநகருக்கு பஸ் ஏறினேன். நிறம் என்ன வாங்குவது என்று நால்வரையும் தனித்தனியே கேட்டிருந்தேன். கறுப்பு கூடாது என்றார் ஒருவர். வெள்ளை அழுக்காகும் என்றார் ஒருவர். சிவப்பு சூடு, பச்சையைப் பார்த்தால் குழந்தை பயப்படும், நீலம் போட்டால் நிறம் மட்டாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு நிறத்தை அடித்துவிட்டுப் போனதில் மிஞ்சியது மஞ்சள். கடைக்கார பாய் ஒரே லாட்டில் மஞ்சள் நூல் முழுவதையும் கட்டிக் கொடுத்து, டஜன் பிள்ளைக்கு வரும் அக்கா என்றார். நான்கையும் வித்தியாசப்படுத்த ரிப்பன் மட்டும் நாலு நிறத்தில் வாங்கிக்கொண்டேன். அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

பதினான்காம் நாள் முடித்தேன். மூன்று பேர் மூன்று வேளையில் வந்து வாங்கிப் போனார்கள். பெண்ணுடையதை மட்டும் நானே குழந்தைத் துணிகளோடு சேர்த்து மேலே கொண்டுபோனேன். அவள் அதை ஒரு பழுப்புக் காகிதத்தில் சுற்றி, தன் பேரையும் விலாசத்தையும் தானே எழுதினாள். அம்மாவின் கையெழுத்து மாதிரி கொஞ்சம் சாய்த்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் மாடியில் பத்துப் பதினைந்து பேர். வெயில் கொளுத்தியது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. எல்லோரும் உல்லனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா தன் கழுத்து எப்படி வலித்தது என்று சொன்னார். பேங்க் அம்மா விரலில் கட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினார். மாமியார், வயசான காலத்தில் பேரனுக்காக உட்கார்ந்தேன் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். நான் மூலையில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். எனக்கும் கழுத்து வலிதான். ஆனால் மூன்று பேர் அதை எடுத்துக்கொண்ட பிறகு எனக்கென்று மிச்சம் இல்லை.

நாத்தனாரம்மா அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்தபடியே கேட்டார். பெண்ணின் தாய்வீட்டிலிருந்து என்ன வந்தது?

அந்தப் பெண் பார்சலை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனாரம்மா பிரித்தார். மஞ்சள் ஸ்வெட்டர், பச்சை ரிப்பன். திருப்பிப் பார்த்தார், உள்பக்கம் பார்த்தார். பிறகு மற்ற மூன்றையும் கொண்டுவரச் சொன்னார். பாயில் நான்கையும் வரிசையாக வைத்தார். நாலும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி கிடந்தன.

நிறம் தற்செயலாக ஒன்றாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். அதற்குள் வீட்டுக்காரம்மா மூச்சு விட்டார். ஆனால் தையல்காரக் கண் பொத்தான் துளைப் பட்டியில் போய் நின்றுவிட்டது.

"இதென்னுங்க, ஆம்பளப் பையனுக்குப் பொம்பள ஜாக்கெட் மாதிரி காஜாப் பட்டி பக்கம் மாத்தி வெச்சிருக்குது. ஒருத்தர் தப்புப் பண்ணலாம். நாலு பேரும் ஒரே தப்பா பண்ணுவாங்க?"

எனக்கு அப்போதுதான் அந்த எதிர்ப் பெஞ்சு ஞாபகம் வந்தது. பத்து வருஷமாக நான் போட்ட ஒவ்வொரு ஸ்வெட்டரும் கண்முன்னால் வந்து, பக்கம் மாறி நின்றது. பெண் குழந்தைகள் தப்பித்தன. ஆண் குழந்தைகளுக்கெல்லாம் நான்தான் பாவம் செய்தேன். தட்டைக் கீழே வைக்கவும் தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா ஃபேனைப் பார்த்தார். பேங்க் அம்மா பிளாஸ்டரைச் சரிசெய்தார். இவர்களில் யார் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலும் தன் கழுத்து வலியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மாமியார்தான் பேசினார்.

"தப்பில்லீங்க. பெங்களூர்ல அப்பிடித்தானுங்க வெப்பாங்க. இங்க காத்து இந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். பட்டி இப்பிடி இருந்தாத்தான் நெஞ்சுல காத்துப் புகாது."

உடனே வீட்டுக்காரம்மாவுக்கு உயிர் வந்தது. ஆமாம், மேற்குக் காற்று, முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். பேங்க் அம்மா, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெயிலில் வியர்த்துக்கொண்டே எல்லோரும் அந்தக் காற்றுக்குப் பயந்தார்கள்.

நாத்தனாரம்மா விடவில்லை. "இங்க இருக்கறவங்களுக்குச் செரி. மதுரையில இருக்கற சம்பந்திக்கு பெங்களூர்க் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எப்பிடீங்க தெரியும்?"

இப்போது மாமியார் தன் ஸ்வெட்டரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் பங்கு முடிந்துவிட்டது. அவர் ஒரு நிமிஷம் மருமகளைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் நான்கு ஸ்வெட்டரும் யார் பின்னியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையதையும் நான்தான் பின்னினேன் என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டதும் அவருக்குப் புரிந்தது.

"நாந்தானுங்க ஃபோன்ல சொன்னேன்," என்றார். "சம்பந்தியம்மா கேட்டாங்க, எந்தப் பக்கம் வெக்கறதுன்னு."

"நீங்க பேசறீங்களா அவங்ககூட?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ."

அவர் இதுவரை ஒரு தடவைகூட அந்த அம்மாவிடம் பேசியதில்லை. நாத்தனாரம்மா சிரித்தார். நல்லதாகப் போயிற்று, அப்படியானால் இப்போதே போடுங்கள், நல்ல நாளில் நானும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்றார்.

ஃபோன் ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்தது. அந்தப் பெண் எழுந்து போனாள். நம்பர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். அழுத்திவிட்டு ரிசீவரை மாமியாரிடம் நீட்டினாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மாமியார் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள் போலிருக்கிறது, சட்டென்று மூச்சு விடாமல் பேசினார்.

"சம்பந்தியம்மா, நாந்தானுங்க ஈரோட்டுக்காரி. பேரன் பொறந்து இன்னிக்குப் பதினாறுங்க. நீங்க உங்க கையால பின்னி அனுப்புன மஞ்ச ஸ்வெட்டர் வந்துருச்சுங்க. அதைத்தான் மொதல்ல போடப் போறோம். எங்க நாத்தனார் பக்கத்துல இருக்காங்க, உங்ககிட்ட பேசோணுங்கறாங்க."

வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறவர் எதற்கு ஊர்ப்பேரைச் சொல்கிறார் என்று நாத்தனாரம்மா நினைத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவர் ரிசீவரை வாங்கும் அவசரத்தில் இருந்தார். வாங்கி, ஸ்வெட்டர் வந்தது, நீங்களே பின்னியதா என்று நேராகவே கேட்டார்.

பேரன் பிறந்ததே அப்போதுதான் தெரிந்த ஒரு பொம்பளை அந்தப் பக்கம் என்ன சொல்வாள் என்று என்னால் நினைக்கவும் முடியவில்லை. நாத்தனாரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. செரிங்க, செரிங்க என்றார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அளவு செரியா இருக்குதான்னு கேக்கறாங்க. அளவு பாக்காமயே பின்னிட்டேன், புள்ளைக்குப் புடிக்குதான்னு போட்டுப் பாத்துச் சொல்லுங்கங்கறாங்க."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஸ்வெட்டரை எடுக்கப் போனோம். பச்சை ரிப்பன் போட்டதைக் குழந்தைக்கு மாட்டினோம். அவன் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டபடியே அந்தப் பெண் ரிசீவரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. மாமியார் எல்லோரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாத்தனாரம்மா இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டார். தையல் கடையில் இனிமேல் காற்றுப் பார்த்துத்தான் பட்டி வைக்க வேண்டும் போல என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அதற்கும் வீட்டுக்காரம்மா ஆமாம் போட்டார்.

ஸ்வெட்டரைக் கால்மணி நேரத்தில் கழற்றிவிட்டோம். குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு அவன் ஜன்னல் திரையிலும் பழைய வேட்டியிலும்தான் வளர்ந்தான்.

முப்பது நாள் கழித்து அந்த அம்மா மதுரையிலிருந்து வந்தார். மெலிந்த உடம்பு. கையில் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய ஒரு சட்டை, காகிதப் பையோடு. மாடிக்குப் போகாமல் முதலில் பின்பக்கம் என் அறைக்கு வந்துவிட்டார். மகள் ஃபோனில் சொல்லியிருக்கிறாள். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாலுல நான் பின்னுனது எதும்மா? மேல போயி மாத்திச் சொல்லிரக் கூடாதுல்ல?"

துவைக்க வந்திருந்த துணிகளில் அதுவும் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் விரித்து, கை வைத்துத் தடவிப் பார்த்தார். பொத்தானைப் போட்டார், கழற்றினார். கை கொஞ்சம் நீளமாக விட்டிருக்கலாம், வளரும் பிள்ளை அல்லவா என்றார். தான் செய்ததில் தானே குறை சொல்லிக்கொள்ளும் குரலில்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த தடவை விட்டுவிடலாம் என்றேன். அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

இதை யாராவது படித்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். தொட்டில் போட்டது பதினாறாம் நாளா, அதற்குப் பிறகா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ரிப்பன் பச்சை என்று எழுதிவிட்டேன், ஊதாவாகவும் இருக்கலாம். ஃபோனில் அந்த அம்மா முதலில் அளவைக் கேட்டாரா, குழந்தையைக் கேட்டாரா என்பதும் நாத்தனாரம்மா சொன்னதை வைத்து எழுதியதுதான். அந்தப் பெண்ணும் பிள்ளையும் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் போய் விசாரித்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். நானே போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.